ஒத்தையா, ரெட்டையா?

வா கண்ணு, உக்காரு. செருப்பை அந்தாண்ட விடு, இங்க பாவு கிடக்குது. "காஞ்சிபுரம் போனா காலாட்டிப் பொழைக்கலாம்"னு ஒரு சொலவடை உண்டு, கேட்டிருப்பே. வெளியூர்க்காரன் அதைக் கேட்டுட்டு, நாமெல்லாம் திண்ணையில கால்மேல கால் போட்டு ஆட்டிக்கினே கோடீஸ்வரன் ஆயிட்டோம்னு நெனச்சுக்கினு இருக்கான். குழித்தறியில உக்காந்து மிதிப்பலகையை மிதிச்சவன் முட்டியைத் தொட்டுப் பாத்தாத்தான் தெரியும் அந்த ஆட்டத்தோட சொகம். நான் அம்பது வருஷத்துக்கு மேல ஆட்டிட்டேன். நீ இருங்காட்டுக்கோட்டையில ஏசி ரூமுல உக்காந்து ஆட்டுறே. சொலவடை பொய்க்கல. முட்டி வலி மட்டும் எனக்கு, சம்பளம் உனக்கு.

அந்தப் பெட்டியைக் காட்டு. அடடே, வெத்திலைப் பெட்டி அளவுகூட இல்லையே! ஒரு பக்கம் ஒம்போது ஊசி, இன்னொரு பக்கம் நெட்டு வயரு சொருவுற ஓட்டை. நீ வாசல்லேர்ந்தே, "தாத்தா, எங்க கம்பெனியில சீரியலை ஈதர்நெட்டுல கோக்கப் போறோம்"னு கத்தினே பாரு, உன் பாட்டி அடுப்பை அணைச்சிட்டு ஓடியாந்தா. எந்தச் சேனலு, எத்தினி மணிக்குன்னு கேட்டா. நீ சிரிச்சே. அவ கேட்டதுல என்னா தப்பு? ரெண்டு சீரியலுக்கும் குணம் ஒண்ணுதான். இன்னைக்குப் பாகம் முடிஞ்சாத்தான் நாளைக்கு அடுத்தது. உன் மெஷினும் அப்படித்தானே, ஒரு எழுத்து போய்ச் சேந்தாத்தான் அடுத்த எழுத்தை அனுப்பும்?

நீ சொன்னதை நான் சரியாத்தான் புடிச்சிருக்கேனான்னு பாரு. ஆர்எஸ்-232-ன்னு அமெரிக்காக்காரன் 1960-ல ஒரு முறை வகுத்தான். இந்தாண்ட ஒரு வாயி, அந்தாண்ட ஒரு காது, நடுவுல வயரு. வயரு அம்பது அடிக்குள்ள, அதாவது 15 மீட்டருக்குள்ள இருந்தா மரியாதை. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 59 மீட்டராம். அதுல கால்வாசி தூரம்தான் அதுக்குக் குரல் எட்டும். ஒரே ஆளோடத்தான் பேசும், மெதுவாத்தான் பேசும், ஆனா சொல்லவேண்டியதை வருஷம் முப்பதானாலும் மாத்தாம சொல்லும். கண்ணு, அது மெஷினு இல்லடா. அது நான்தான்.

அதனால உங்க மேனேஜரு, "பழைய மெஷினைத் தூக்கிப்போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா"ன்னு கேட்டாருன்னு நீ சொன்னதும் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. நல்லவேளை, பெட்டி போட்டாப் போதும்னு முடிவு பண்ணியிருக்கீங்க. உங்க கம்பெனி நல்லா இருக்கும்.

இன்னொண்ணும் சொல்றேன், தலைக்கனம்னு நெனச்சுக்காதே. உன் கம்ப்யூட்டருக்கு நான் பெரியப்பா முறை. 1804-ல பிரான்சு தேசத்துல லியோன் பட்டணத்துல ஜக்கார்டுன்னு ஒருத்தரு, அட்டையில ஓட்டை போட்டுத் தறிக்கு டிசைன் சொல்லிக் குடுத்தாரு. ஓட்டை இருந்தா இழை தூக்கு, இல்லாட்டி விடு. அதே மாதிரி ஓட்டை அட்டையை வச்சு 1890-ல அமெரிக்காவுல ஜனத்தொகையை எண்ணினாங்க. அந்த வழியிலதான் கம்ப்யூட்டரு வந்துச்சு. உங்க சிஎன்சி லேத்தோட தாத்தன் காலத்துல ஓட்டை போட்ட காயிதச் சுருளைத்தான் மெஷினுக்கு ஊட்டுவாங்க. அப்புறம்தான் காயிதத்துக்குப் பதிலா இந்த ஒம்போது ஊசி வழியா புரோகிராமை ஊட்டினாங்க. இப்ப நம்ம தெருவுலயே அட்டை போயி எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துடுச்சு. பெரியப்பன் வீட்டுக்குத் தம்பி மவன் மருமவனா வந்த மாதிரி ஆயிடுச்சு. முறை சரியில்லைதான், என்னா பண்றது.

சரி, பெட்டிக்கு வருவோம். இது என்னா வேலை பண்ணுதுன்னு நீ அரைமணி நேரம் சொன்னே. நான் ஒரே வார்த்தையில சொல்லட்டா? பிட்னி.

உடம்புக்கு ஒரு நிறம், முந்தானைக்கு வேற நிறம் வேணும்னா நம்ம ஆளுங்க என்னா பண்றாங்க? உடம்பு நெய்ஞ்சு முடிச்சதும், பழைய பாவு இழை ஒவ்வொண்ணுலயும் புதுப் பாவு இழையைக் கையால கோத்து முறுக்கி விடுறாங்க. ஆயிரக்கணக்கான இழை. ஒண்ணு தப்பினாலும் முந்தானையில கோடு விழும். கட்டுறவங்க முந்தானையைப் பாப்பாங்க, கரையைப் பாப்பாங்க, பிட்னியை ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. உன் பெட்டியும் அதேதான். மெஷினுலேர்ந்து எழுத்தெழுத்தா வர்றதை வாங்கி, சேத்து வச்சு, மூட்டை கட்டி, முகவரி எழுதி நெட்டுல அனுப்புது. அங்கேர்ந்து வர்ற மூட்டையைப் பிரிச்சு மெஷினுக்கு எழுத்தெழுத்தா ஊட்டுது. மெஷினு நொடிக்கு 9600 பிட்டு, அதாவது 960 எழுத்து பேசுது. உன் நெட்டு நொடிக்குப் பத்துக் கோடி பிட்டு ஓடுது. தேரையும் தெருவுல போற புல்லட்டையும் ஒரே கயித்துல கட்டுற வேலை. நடுவுல நிக்கிறவன் நிதானமா இருக்கணும்.

அதைவிடக் கில்லாடித்தனம் ஒண்ணு சொன்னே பாரு, விர்ச்சுவல் காம் போர்ட்டு. கம்ப்யூட்டருல ஒரு சாப்ட்வேரைப் போட்டுட்டா, மெஷினு தன் முதுகுலயே சொருவியிருக்குதுன்னு அது நம்பிக்குமாம். மெஷினு நாலு கட்டடம் தள்ளி இருக்குது, அதுக்குத் தெரியாது. பழைய புரோகிராமை ஒரு எழுத்துகூட மாத்த வேணாம். மாமியா ஊர்லேர்ந்து போன் பண்ணும்போது மருமவ பக்கத்து ரூமுலேர்ந்து, "அடுப்படியிலதான் நிக்கிறேன் அத்தை"ன்னு சொல்லுவாளே, அந்த வித்தை. இதைக் கண்டுபுடிச்சவன் நிச்சயமா கல்யாணம் ஆனவன்.

இப்ப நான் சொல்ற புத்தியைக் கேட்டுக்கோ. பெட்டியைப் பிரிச்சதும் அதுல இருக்கிற செட்டிங்கை அப்படியே விட்டுடு. மெஷினு என்னா வேகத்துல பேசுது, எத்தினி பிட்டு, பாரிட்டி ஒத்தையா ரெட்டையா, ஸ்டாப் பிட்டு ஒண்ணா ரெண்டா, எதையும் பாக்காதே. பாத்தா வேலை சீக்கிரம் முடிஞ்சுடும், அப்புறம் உனக்கு ஓவர்டைம் எங்கேர்ந்து வரும்? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கலைன்னா என்னா ஆகும்னு தெரியுமில்ல? நம்ம வரதராஜப் பெருமாள் கோயில்ல வடகலை நாமமா தென்கலை நாமமான்னு பேச்செடுத்துப் பாரு. சாமி ஒண்ணு, கோயில் ஒண்ணு, பாஷை ஒண்ணு. கோடு மட்டும்தான் வேற. அதுக்கே தலைமுறை தலைமுறையா கோர்ட்டுப் படி ஏறினாங்க. உன் மெஷினும் பெட்டியும் மட்டும் சும்மா இருக்குமா? திரையில கிறுக்கல் கிறுக்கலா வரும்.

கிறுக்கல் வந்தா நல்லதுடா. தப்புன்னு தெரிஞ்சிடும். பாக்க ஒழுங்கா வந்து, உள்ள பொய்யா இருக்குது பாரு, அதுதான் ஆளைக் கொல்லும். அது எனக்குத் தெரிஞ்ச கதை.

நம்ம சொந்தத்துல ஒருத்தரு, பேரு வேணாம், பத்திருவது தறிக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் குடுத்துப் புடவையா வாங்குறவரு. வாங்கும்போதும் எடை, குடுக்கும்போதும் எடை. தராசு போயி எலக்ட்ரானிக் தராசு வந்துச்சு. அதுலயும் இந்த ஒம்போது ஊசி இருந்துச்சு. ஒரு பையனைக் கூப்பிட்டு, தராசைக் கம்ப்யூட்டரோட கோத்தாரு. தராசு பின்கட்டுல, கம்ப்யூட்டரு முன்கட்டுல. முப்பது மீட்டரு வயரு இழுத்தான், அதுவும் நூல் முறுக்குற மோட்டாரோட வயரு மேலயே சேத்துக் கட்டி. பாக்க அழகா இருந்துச்சு, கோயில் தோரணம் மாதிரி. தராசுல பாரிட்டி "ஈவன்"னு இருந்ததைப் பாத்து, "இது எதுக்கு ரோதனை"ன்னு ரெண்டு பக்கமும் "வேணாம்"னு வச்சிட்டுப் போயிட்டான்.

ஆறு மாசம் ஒரு குறையும் இல்ல. ஒருநாள் ஒரு நெசவாளி புடவையைக் கொண்டாந்து வச்சாரு. மிச்ச நூலையும் சேத்து 500 கிராம். கம்ப்யூட்டருல பாத்தா, குடுத்தது 700 கிராம். இருநூறு கிராம் எங்கே? அந்த மனுசன் நாப்பது வருஷமா நெய்யிறவரு. ஒரு துண்டு நூலைக்கூடக் கீழ போடமாட்டாரு, பொறுக்கி வச்சிருப்பாரு. வாயைத் திறக்கல. கூலியில புடிச்சுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. சொந்தக்காரரு கெட்டவரு இல்ல. ஆனா கம்ப்யூட்டரு பொய் சொல்லுமான்னு ஒரே கேள்வியில நின்னாரு.

நான் அங்க காப்பி குடிக்கப் போனவன். எனக்குக் கம்ப்யூட்டரு தெரியாது, காது தெரியும். அந்த எடை போட்ட தேதி, மணி என்னான்னு கேட்டேன். அன்னைக்கு மத்தியானம் கரண்டு போயி வந்த நேரம். எனக்கு ஞாபகம் இருந்துச்சு, ஏன்னா கரண்டு வந்ததும் முறுக்கு மோட்டாருங்க எல்லாம் ஒரே மூச்சா உறுமும், என் தூக்கம் கெடும். தராசுல அரைக்கிலோ கல்லை வையி, மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடுன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு தடவை ஒண்ணுமில்ல. ஏழாவது தடவை தராசுல 500, கம்ப்யூட்டருல 700.

அப்புறம் உன்கிட்டதானே கேட்டேன், ஏன்னு? நீதான் சொன்னே. கம்ப்யூட்டருக்கு 5-ன்னா 0110101. 7-ன்னா 0110111. நடுவுல ஒரே ஒரு பிட்டுதான் வித்தியாசம். மோட்டாரு கிளம்புற அதிர்வு வயருல ஏறி அந்த ஒரு பூச்சியத்தை ஒண்ணா மாத்திட்டா, அஞ்சு ஏழாயிடும். கிறுக்கலும் வராது, மணியும் அடிக்காது. எண்ணு சுத்தமா, நாணயமா, கூசாம பொய் சொல்லும்.

பாரிட்டின்னா என்னான்னு நீ போர்டு போட்டு விளக்க ஆரம்பிச்சே. நான் நிறுத்தச் சொன்னேன். சின்ன வயசுல கைக்குள்ள புளியங்கொட்டையை மூடிக்கினு ஒத்தையா ரெட்டையான்னு ஆடுவோமே, அதுதானே? அஞ்சுல ஒண்ணுங்க நாலு இருக்குது, ரெட்டை. ஒரு பிட்டு புரண்டு ஏழாச்சுன்னா ஒண்ணுங்க அஞ்சு, ஒத்தை. ரெட்டையா அனுப்பினது ஒத்தையா வந்தா, வழியில எவனோ ஒரு கொட்டையைப் போட்டுட்டான்னு அர்த்தம். ரெண்டு கொட்டை போட்டா அதுக்கும் தெரியாதுதான். ஆனா அந்தப் பையன் ஒத்தை ரெட்டையே பாக்க வேணாம்னுட்டானே. ஆறு வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்ச கணக்கு, டிப்ளமா படிச்சவனுக்கு ரோதனையாத் தெரிஞ்சிருக்குது.

இந்த மாதிரிப் பெட்டியைத்தான் அங்கயும் வச்சோம். தராசுக்குப் பக்கத்துலயே, ஒரு முழ வயரு. அதுக்கப்புறம் நெட்டு வயரு, மோட்டாரை விட்டுத் தள்ளி, வேற சுவரு வழியா. நெட்டு வயரு நூறு மீட்டரு வரைக்கும் போகும். அதுல போற மூட்டை ஒவ்வொண்ணுக்கும் தனியாச் சரிபார்ப்புக் கணக்கு இருக்குது, கெட்டுப்போன மூட்டையைக் கீழ போட்டுட்டு மறுபடியும் கேட்டு வாங்கிக்கும். பாரிட்டியையும் பழையபடி "ஈவன்"னு வச்சோம். சொந்தக்காரரு அந்த நெசவாளி வீட்டுக்குத் தானே போனாரு. என்னா பேசினாங்கன்னு நான் கேக்கல.

இப்ப உங்க கம்பெனிக்கு வா. எல்லா மெஷினும் 232 இல்ல, பாதி 485-ன்னே. அது நல்ல சாதனம்டா. ரெண்டு இழையை முறுக்கின வயரு, 1200 மீட்டரு வரைக்கும் போகும், ஒரே வயருல 32 பேரைக் கோக்கலாம். முறுக்கின நூலுக்கு பலம்னு உனக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும். ஆனா ரெண்டு தலைப்புலயும் 120 ஓம் தடை போட்டுக் கட்டு. பாவுக்கு ரெண்டு தலைப்பும் இழுத்துக் கட்டலைன்னா எப்படி அலையுமோ, அப்படிப் பேச்சு முனையில மோதித் திரும்பி வந்து குழப்பும். ஒரு கம்பெனிக்காரன் "ஏ"ன்னு எழுதுறதை இன்னொருத்தன் "பி"ன்னு எழுதுவான். மெஷினு பேசலைன்னா பெட்டியைத் திட்டாதே, முதல்ல ரெண்டு இழையை மாத்திப் போட்டுப் பாரு.

முப்பத்திரண்டு பேரும் ஒரே வயருல இருந்தா சண்டை வராதான்னு கேட்டேன். மோட்பஸ்னு ஒரு பேச்சு முறை இருக்குதுன்னே. ஒரு தலைவன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவான், அந்த நம்பருக்காரன் மட்டும் பதில் சொல்லணும், மத்தவன் வாயை மூடிக்கணும். அது கோர்வைத் தறிடா! எட்டு வயசுல எங்கப்பா தறிக்குக் கரை நாடா போட என்னைப் பக்கத்துல உக்கார வச்சாரு. மூணு நாடா, ரெண்டு ஆளு. அவரு குரல் குடுத்தா நான் போடணும். முந்திப் போட்டாலும் குட்டு, பிந்திப் போட்டாலும் குட்டு. ரெண்டு மெஷினுக்கு ஒரே நம்பரைக் குடுத்துடாதே, ரெண்டும் ஒண்ணாக் கத்தும், குட்டு உனக்கு விழும்.

இன்னொரு நுணுக்கம். அந்தப் பழைய மோட்பஸ், பேச்சு முடிஞ்சதுன்னு சொல்றதுக்கு மௌனத்தைத்தான் வச்சிருக்குது. மூணரை எழுத்து நேரம் சும்மா இருந்தா வாக்கியம் முடிஞ்சதுன்னு அர்த்தம். உன் பெட்டி அவசரப்பட்டு ஒரு வாக்கியத்தை ரெண்டு மூட்டையாக் கட்டினா, நடுவுல தேவையில்லாத மௌனம் விழுந்து, பாதிப் பேச்சைத் தப்புன்னு தள்ளிடும். வாக்கியம் முடியிறவரைக்கும் காத்திருந்து மூட்டை கட்டுன்னு பெட்டிக்குச் சொல்லு. இல்லாட்டி மோட்பஸ் தெரிஞ்ச பெட்டியாவே வாங்கு, சும்மா கடத்திவிடுறதை வாங்காதே. பேச்சு நடுவுல மௌனமானா தப்பர்த்தம் வரும்ங்கிறது கல்யாணம் ஆனவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்ல. உனக்குத் தை மாசம் பாக்கலாம்.

பாஸ்வேர்டு? மாத்தவே மாத்தாதே. பெட்டியோட வந்ததையே வச்சுக்கோ. புஸ்தகத்துல அச்சடிச்சே வந்திருக்குது, உலகமே படிச்சிருக்குது, நீ மறந்தாலும் திருடன் ஞாபகப்படுத்துவான். சிரிக்காதே. 2015 டிசம்பர் 23-ந்தேதி உக்ரைன் தேசத்துல என்னா நடந்துச்சு? கரண்டு கம்பெனி மூணுக்குள்ள கம்ப்யூட்டரு வழியாப் புகுந்தானுங்க. சுமார் 2,25,000 பேருக்கு இருட்டு. சுவிட்சை அணைச்சதோட விட்டானா? போற போக்குல இந்த மாதிரிப் பெட்டிங்களோட உள் புரோகிராமையே அழிச்சு வேற எழுதிட்டுப் போனான். பிட்னியைத் தேடிப் புடிச்சு அறுத்தான்டா! தூரத்துலேர்ந்து ஒரு கட்டளையும் போய்ச் சேரல. அப்புறம் ஆளுங்க வண்டி எடுத்துக்கினு ஊரூராப் போயி கையாலதான் சுவிட்சைப் போட்டாங்க. மெஷினுக்குக் கேள்வி கேக்கத் தெரியாது. எவன் சொன்னாலும் "சரிங்க"ன்னு செய்யும். நீதான் அதுக்கு வாசக்கதவு. ஆபீசுக்காரன் சினிமா பாக்குற நெட்டுலயே மெஷினையும் கட்டாதே, தனியா ஒரு நெட்டு போடு.

பெட்டியை மாட்டிட்டு மறந்துடவும் மறந்துடாதே. அத்திவரதரு ஆனந்தசரஸ் குளத்துக்குள்ள படுத்திருந்து நாப்பது வருஷத்துக்கு ஒருதரம் எழுந்தருளுறாரு. 1979-ல வந்தாரு, 2019-ல வந்தாரு. உன் மோட்பஸும் பொறந்தது 1979-ல தானாம். அடுத்து 2059-ல அவரு வரும்போதும் எங்கயாவது ஒரு பட்டறையில அது பேசிக்கினுதான் இருக்கும். ஆனா அவரு சாமி, தண்ணிக்குள்ள நாப்பது வருஷம் இருந்தாலும் அவருக்கு ஒண்ணும் ஆகாது. உன் பெட்டி சாமி இல்ல. வருஷத்துக்கு ஒருதரமாவது தூசி தட்டு, புது புரோகிராம் வந்திருக்குதான்னு பாரு, செட்டிங்கை வேற இடத்துல ஒரு நகல் வையி.

கடைசியா ஒண்ணு. ஒரு அட்டைத் துண்டு எடு. ஜக்கார்டு அட்டையே தரேன், பரண்ல கட்டுக்கட்டாக் கிடக்குது. வேகம் எத்தினி, பிட்டு எத்தினி, ஒத்தையா ரெட்டையா, மெஷினு நம்பரு, ஐபி முகவரி, மாட்டின தேதி எல்லாத்தையும் எழுது. பாஸ்வேர்டை மட்டும் எழுதாதே. எழுதிப் பெட்டிக்குப் பக்கத்துலயே கட்டு. நீ வேற கம்பெனிக்குப் போயிடுவே, உனக்குப் பின்னாடி வர்றவன் உன்னைத் திட்டக் கூடாது.

ஏன் இத்தினி சொல்றேன்னா, தறி கெட்டா தறி நின்னுடும், எல்லாருக்கும் தெரியும். ஒட்டு கெட்டா எதுவும் நிக்காது. வேலை ஓடிக்கினே இருக்கும், எண்ணு மட்டும் மாறிக்கினே இருக்கும். பழி, மெஷினு முன்னாடி நிக்கிற ஆளு தலையில விழும். உன் பெட்டி சொல்ற எண்ணை வச்சு நாளைக்கு ஒருத்தன் கூலியில கை வைக்க வருவாங்க. அவன் வாயைத் திறக்கமாட்டான். அதனால நீ முன்கூட்டியே ஒருதரம் பாத்துடு கண்ணு, ஒத்தையா ரெட்டையான்னு.